உது

மூன்றாம் இரவும் அதே நேரம், மூன்று பத்துக்கு,
கப்பல் பயணச்சீட்டு தரும் சர்வர் மூச்சடைத்து விழுந்தது.
துர்க்கு நகரில் பிப்ரவரி. ஔரா ஆறு உறைந்து கிடக்க
அதன் நடுவில் யாரோ சைக்கிளை விட்டுப் போயிருந்தார்கள்.
இரவு முறை ஸைமியுடையது.
கம்பளிக் காலுறையோடு மேசைக்கு வந்தாள்.

நினைவகத்தை அப்படியே படியெடுத்தாள்:
பன்னிரண்டு ஜிகாபைட், ஒரு நொடியின் முழு உடல்.
திறந்தால் உள்ளே
நாற்பத்தோரு லட்சம் கேபின் பதிவுகள்.
கப்பலோ ஒன்றுதான். கேபின்கள் எழுநூற்றுச் சொச்சம்.

நவம்பரில் போனவர்கள் இன்னும் போகாமல் இருந்தார்கள்.
இறங்கி, பெட்டி இழுத்து, ஸ்டாக்ஹோம் பனியில் கலந்தவர்கள்.
அவர்கள் படுத்த விரிப்பை எத்தனையோ முறை
துவைத்தாயிற்று.
இங்கே மட்டும்
மேல்கட்டில், ஜன்னல் வேண்டாம், நாய் ஒன்று என
திருத்தமாகக் காத்திருந்தார்கள்.

குப்பை சேகரிப்பானைக் குற்றம் சொல்ல முடியாது.
அதற்கு வெறுப்பில்லை, விருப்பமும் இல்லை.
வேரிலிருந்து கிளம்பும். சுட்டிய இடமெல்லாம் போகும்.
தொட்டதன் தலையில் புள்ளி வைக்கும்.
தொடாதது, அவ்வளவுதான், காலி இடம்.
கைகோத்துக் கொண்டிருக்கும் இரண்டு பதிவுகள்,
உன்னைச் சுட்டி நான், என்னைச் சுட்டி நீ,
வெளியிலிருந்து ஒரு விரலும் நீளவில்லை என்றால்
சேர்ந்தே போகும்.
விரல்களை எண்ணி மட்டுமே தீர்ப்புச் சொன்ன பழைய முறையில்
அந்த ஜோடிக்குச் சாவில்லை.
அதை அன்பு என்று சொல்ல ஸைமி தயாராக இல்லை.
கசிவு என்பாள்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: யார் சுட்டுவது?

பின்னோக்கி நடந்தாள்.
பதிவைப் பிடித்திருந்தது ஒரு செவி.
செவியைப் பிடித்திருந்தது ஒரு பட்டியல்.
பட்டியலைப் பிடித்திருந்தது ஒரு கடிகாரம்.
கடிகாரத்தை யாரும் பிடிக்க வேண்டாம், அது வேர்.
பட்டியலில் சேர்க்கும் வரி இருந்தது. நீக்கும் வரி இல்லை.
அருகில் ஓஸ்மோவின் குறிப்பு:
எடுக்காதே, காரணம் இருக்கிறது.
காரணத்தைக் காணோம். ஓஸ்மோவும் இல்லை;
ஆறு வருடம் முன்பே வாசாவுக்குப் போய்
படகு இயந்திரம் பழுது பார்க்கிறான்.
ஆனாலும் அவனுக்கு ஒரு செய்தி அனுப்பி வைத்தாள்.

தமிழில் சுட்டு மூன்று.
அது, எட்டாதது. இது, கைக்குள்.
நடுவே உது:
தெரியும், ஆனால் என் பிடியில் இல்லை.
யாழ்ப்பாணத்தில் இன்னும் புழங்குகிறது.
மற்றவர்கள் எங்கோ நழுவவிட்டோம்.
ஸைமிக்குத் தமிழ் தெரியாது. அவள் தட்டியது
வலுவற்ற சுட்டு என்று பொருள்படும் ஒரு சொல்.
இருந்தால் காட்டும். போனால் தடுக்காது.
போன பிறகு கேட்டால்
ஒன்றுமில்லை என்று நேராகச் சொல்லிவிடும்.

நான்கு ஐம்பதுக்கு வரைகோடு இறங்கியது.
ஏறி, விழுந்து, ஏறி, விழுந்து,
ஆரோக்கியமான ரம்பப் பல்.
நவம்பர் முழுவதும் ஒரே மூச்சில் கரையேறியது.

ஏழரைக்கு ஓஸ்மோவின் பதில்:
அந்த வரி இன்னுமா இருக்கிறது?
உறுதி மடல் கிளம்பும் முன்பே பதிவு மறைந்துவிடும்.
இரண்டு வாரம் தேடினேன். பிடிபடவில்லை.
பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

அவன் சொன்னது சரி. சரிபார்த்தாள்.
ஒரே ஒரு மடல் போகவில்லை.

ரைனர் ஹோல்ம்ஸ்ட்ரோம் என்ற லாரி ஓட்டுநர்
துறைமுகக் கவுண்டரில் கைபேசியைத் தேய்த்துத் தேய்த்து
ஒன்றும் காணாமல் நின்றார்.
கவுண்டர் பெண் பெயர் கேட்டாள். வட்டில் இருந்தது பெயர்.
நினைவு வேறு, ஏடு வேறு.
சாவி அட்டையை நீட்டினாள்.

மடல் போகும்வரை பிடி, பிறகு விடு என்று
ஸைமி இன்னொரு வரி எழுதிக்கொண்டிருந்தபோது
கப்பல் பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டு வெளியேறியது.
ஆறாம் தளத்தில், ஜன்னலில்லாத கேபினில்,
பூட்ஸைக் கழற்றாமலே
அவர் தூங்கிவிட்டிருந்தார்.